ரோட்டுக்குக் கீழே போன அறை

எங்கள் வீட்டில் நிலவறை என்று யாரும் கட்டவில்லை. அது தானாக உண்டானது. அப்பா திருவொற்றியூரில் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். அதற்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. மேல்படியில் அப்பா, கீழ்ப்படியில் அக்கா, அவள் இடுப்பில் நான். இன்று அதே வாசலுக்குத் தெருவிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ரோடு போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதிய தாரைக் கொட்டினார்கள். அப்படியே தெரு வளர்ந்து, எங்கள் கீழறை பள்ளத்துக்குப் போய்விட்டது.

எந்த ரோடு எந்தத் தேர்தலுக்கு முன்னால் வந்தது என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். எனக்கு அப்படி ஒரு பழக்கம். ஊரில் எது எப்போது நடந்தது என்பதைக் குறித்து வைப்பேன். பழைய ஊர் வரலாறு, கடலோர மண்ணைப் பற்றிய புத்தகம், கட்டடக் கையேடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். இவ்வளவு படித்தும், அந்த அறையின் சுவர் ஏன் நனைகிறது என்ற ஒரே கேள்வியில் ஒரு பங்குனியிலிருந்து ஆடி வரை நான் தலைகால் புரியாமல் சுற்றினேன்.

அந்த அறையில் அக்கா இருக்கிறாள். அவள் கணவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவர். அவர் இறந்த பிறகு மகளோடு இங்கே வந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி நெட்டுக்குப்பத்துக்குப் போன பிறகு தனியாக இருக்கிறாள். தனியாக என்று சொன்னால் அவள் சிரிப்பாள். விடிவதற்கு முன்பே கிரைண்டர் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் இட்லி மாவு அவளுடையதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளிலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் வரைக்கும் வாசலில் குனிந்து, "மாவுக்காரம்மா" என்று கூப்பிடுவார்கள். மேல்மாடியில் நானும் என் மனைவியும்.

பங்குனியில் சுவரின் அடிப்பக்கம் உப்பு பூத்தது. இது எங்கள் ஊரில் புதிதல்ல. ஓதம் காக்கிறது, கடலோர ஈரம்தான் என்று சொல்லிவிட்டு வெள்ளை அடிப்பார்கள். ஆனால் இந்த முறை ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறி, வாசல் பக்கத்துச் சுவரில் பூச்சு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அரிசி மூட்டையின் அடி பூசணம் பிடித்தது. அக்காவுக்கு இருமல் நின்றபாடில்லை. ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினேன். பிள்ளைகள் வளர்வதை அப்படித்தான் அப்பா கதவு நிலையில் குறிப்பார்.

என் மனைவிக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது.

"அண்ணி கிரைண்டர் கழுவற தண்ணி எங்க போவுது? நாள் பூரா அரிசி ஊறுது, உளுந்து ஊறுது. செவுரு இன்னா பண்ணும், பாவம்" என்றாள்.

அக்கா கீழிருந்தே பதில் சொன்னாள். "கூப்பிடு தூரத்துல கடல் கீது. அத்த வுட்டுட்டு என் கிரைண்டர புடிச்சிகினியா நீ."

இருவரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. அடிச்சுவர் கரைந்தால் மேல்மாடி எதன் மேல் நிற்கும் என்று மனைவி கேட்டாள். காரணம் கிரைண்டர்தான் என்றால் கிரைண்டர் போக வேண்டும். கிரைண்டர் இல்லாமல் அக்கா அந்த அறையில் இருக்கமாட்டாள். யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் நிற்பது அந்த மாவின் மேல்தான். ஆகவே சுவர் எந்தத் தண்ணீரில் நனைகிறது என்பது எங்கள் வீட்டில் வெறும் கட்டட விஷயமாக இல்லை.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து, வீட்டுக்குள் வரும் தண்ணீரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். கிரைண்டர். மேல்மாடிக் குளியலறை. பக்கத்து வீட்டுத் தொட்டி. ரோட்டோரச் சாக்கடை. நிலத்தடி நீர். அப்பா கட்டியபோது கடற்கரை மணலைக் கலந்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு. அக்காலத்தில் இங்கே பாதிப் பேர் அதைத்தான் கலந்தார்கள். மணலில் இருக்கும் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் தண்ணீரே இல்லாமலும் சுவர் நனையும். இதைச் சொன்னதும் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் சந்தேகத்தைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன்.

முதலில் அக்காதான் விட்டுக்கொடுத்தாள். கிரைண்டரை அறைக்குள் கழுவுவதை விட்டுவிட்டு, கல்லையும் டிரம்மையும் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்க் கழுவினாள். சித்திரை முழுக்க அப்படிச் செய்தாள். இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். பென்சில் கோடு இறங்கவில்லை; கொஞ்சம் ஏறவும் செய்தது.

பிறகு ஒரு கையேட்டில் படித்த சோதனையைச் செய்தேன். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும். ஓரிரு நாள் கழித்துத் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேலே இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. எனக்கு அது மிகத் தெளிவான சோதனையாகத் தோன்றியது. மாவு பாக்கெட்டுக்கு வாங்கி வைத்திருந்த உருளையிலிருந்து அக்கா ஒரு துண்டு வெட்டித் தந்தாள்.

எடுத்துப் பார்த்தபோது தாளின் மேலேயும் ஈரம், அடியிலும் ஈரம்.

"உன் புக்கு இன்னா சொல்லுது நைனா?" என்று அக்கா கேட்டாள்.

புத்தகத்தில் இரண்டு பதில்தான் இருந்தது. மூன்றாவதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வைகாசியில் ராயபுரத்திலிருக்கும் மாமியாருக்குக் கண் அறுவை. மனைவி துணைக்குப் போய் அந்த மாதம் முழுக்க அங்கேயே தங்கினாள். அவள் போன பிறகு, வெயில் கொளுத்திய அந்த நாட்களில், வாசல் பக்கத்துச் சுவர் காயத் தொடங்கியது. பென்சில் கோட்டுக்கு அடியில் பூச்சின் நிறம் மெல்ல வெளுத்தது. அக்கா கொஞ்சம் நேரம் தள்ளி எழுந்தாலும் எப்போதும்போல் மாவாட்டிக்கொண்டுதான் இருந்தாள். இடுப்பு தாளாமல் மறுபடி அறைக்குள்ளேயே கழுவவும் தொடங்கியிருந்தாள். பின்சுவர் மட்டும் அப்படியே இருந்தது. ஆனி பிறந்து மனைவி திரும்பினாள். வாசல் சுவர் மறுபடி கறுத்தது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இப்படி ஒன்றைக் கவனித்தேன் என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அப்போ நான் வந்தா செவுரு வேர்க்குதா? எனுக்கு இன்னா காய்ச்சலா?" என்றாள் மனைவி.

இரண்டு பேர் குளிப்பதற்கும் ஒருவர் குளிப்பதற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம் என்று யோசித்து, பிளம்பரை அழைத்து மேல்மாடிக் குளியலறைத் தரையை உடைத்தோம். குழாய் சுற்றிலும் சுக்காய்க் காய்ந்து கிடந்தது. உடைத்ததை மூடி, பழைய டைல்ஸ் கிடைக்காமல் வேறு நிறத்தில் ஒட்டினோம். பிளம்பர் போகும்போது, கீழே சுவருக்கும் இடுப்பளவு டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஈரமே தெரியாது என்றார். எதிர்வீட்டில் அப்படித்தான் செய்திருந்தார்கள். அங்கே ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, அது முடிகிற இடத்தில் வெளியே வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஆடியின் முதல் வெள்ளி கழிந்த சனிக்கிழமை காலை, அக்கா என்னைக் கீழே கூப்பிட்டாள். வாசல் சுவரின் அடியில், வெள்ளையாகப் பூத்திருந்த உப்பின் மேல், செம்பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. நிலைப்படிக்கு அடியிலிருந்து தொடங்கி, மூலை வரை.

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். அந்த நிறத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். சட்டைக் காலர், பேனா மூடி, டீ கிளாஸின் விளிம்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டுகிற நிறம். துரு என்று நினைத்தேன். ஒரு காகிதத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்துப்போய் கிடங்கில் காட்டினேன். அங்கே யாருக்கும் ஒரு நொடி சந்தேகம் வரவில்லை. கம்பி வெட்டுகிற இடத்தில் நிற்கும் என் நண்பர் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"துருவேதான். நம்ம கண்ணுக்குத் தெரியாத துருவா? உள்ள கம்பி பூத்துகினு கீது. பூத்தா செவுத்த பொளந்துடும், மாமு. பேஜாராப் பூடும், சீக்கிரம் ஆளுங்கள கிளப்பு."

எனக்கு அங்கேதான் குழப்பம் இரட்டிப்பானது. அப்பா கட்டிய சுவர் வெறும் செங்கல். கீழறையில் தூணும் இல்லை, கம்பியும் இல்லை. கம்பி மேல்தளத்தில்தான் இருக்கிறது. இல்லாத கம்பி எப்படித் துருப்பிடிக்கும்? இதைச் சொன்னதற்கு, அப்படியானால் மண்ணில் இருக்கிற இரும்பு என்றார்கள். அதையும் மறுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பேறும். அப்படியென்றால் நிலத்தடி நீர் அடித்தளத்தின் வழியாக ஏறுகிறது. அது கம்பி துருப்பிடிப்பதைவிட மோசம். பார்க்க வந்த மேஸ்திரி, எந்த விளக்கமும் தேவையில்லை என்பதுபோல், தரையை முழுக்க உடைத்துப் போட வேண்டும், அதுவரை கீழே யாரும் புழங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி முதல் நாளிலிருந்து சொல்லிவந்ததை இப்போது மறுக்க ஆளில்லை. நாள் முழுக்க ஈரம் இருக்கும் தொழிலை அந்த அறைக்கு மறுபடி கொண்டுவர முடியாது என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தாள். நெட்டுக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு இருந்தது. அக்கா அங்கே போவது என்று முடிவாயிற்று. அங்கே வீட்டுக்கு வீடு அவரவரே ஆட்டிக்கொள்கிறார்கள், மாவு வாங்க யாரும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அதை அக்காவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் போனா செவுரு காஞ்சிடுமா?"

"தெரியலக்கா."

"தெரியாமத்தான் அனுப்பறியா?"

அவள் களைந்த தண்ணீரை ஒரு சொட்டு தரையில் விழாமல் பின்கட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாத்திரங்களைக் கட்டினோம். நான் விடுப்பு எடுத்திருந்தேன். கிரைண்டரைத் தூக்க மதியம் மினி லாரி வருவதாக இருந்தது. மனைவி வெள்ளிக்கிழமை வேலைகளை முடித்துவிட்டு, உதவிக்குக் கீழே வந்தாள். அரிசி டிரம் நின்ற இடத்தை அவள் காலி செய்தபோது சுவரின் அடி முழுதாகத் தெரிந்தது. அந்தச் செங்கோடு புதிதாக, இன்னும் ஈரமாக, பளபளத்தது. போன வாரத்துக் கோடு காய்ந்து மங்கியிருந்தது. இது அதன் மேலேயே ஓடியிருந்தது.

மனைவி குனிந்து அதைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். பிறகு தன் புடவைக் கரையைத் திருப்பிப் பார்த்தாள்; அதிலும் அதே நிறம். நிலைப்படியைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

எங்கள் வாசல் இப்போது ஒரு குழி. மூன்று படிக்கும் நிலைப்படிக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவு இடம். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க, ரோடு உயரும்போதெல்லாம் நிலைப்படியில் ஒரு சிமெண்ட் கட்டையை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறோம். அந்தக் குழியில்தான் மனைவி தினமும் விடிவதற்கு முன்பே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். லாரிப் புழுதி அவ்வளவு இருக்கும். கழுவிக் கோலம் போடுவாள். ஆடி வெள்ளிகளில் படியோரத்துக்கும் கோலத்துக்கும் காவி கரைத்துப் பூசுவாள்; வழிந்ததைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவாள்.

அப்பா காலத்தில் அந்தத் தண்ணீர் இரண்டு படி இறங்கித் தெருவுக்கு ஓடும். இப்போது ஓட இடமில்லை. சற்று நேரத்தில் மறைந்துவிடும். இந்த வெயிலில் வாசல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று அவளே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அது எங்கே போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அவள் ராயபுரத்தில் இருந்தபோது அக்கா ஒரு கை தண்ணீர் தெளித்ததோடு சரி. நாங்கள் மூவரும் உட்கார்ந்து வீட்டின் தண்ணீரையெல்லாம் சொல்லிப் பார்த்த அன்று, வாசல் தெளிக்கிற தண்ணீர் யார் வாயிலும் வரவில்லை. அதை நாங்கள் தண்ணீராகவே நினைக்கவில்லை. அது வாசல்.

மனைவி மிச்சமிருந்த காவித் தண்ணீரை வாளியோடு எடுத்து, நிலைப்படிக்கு வெளியே சுவரோரமாக ஊற்றினாள். உள்ளே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டு அடங்கியது. கட்டைக்கும் பழைய சுவருக்கும் நடுவில் இருந்த கீறலிலிருந்து ஒரு சிவப்புத் துளி எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. உப்பின் மேல் கோடு மெதுவாக நீண்டது.

"இது துரு இல்லீங்க. என் காவி" என்றாள் மனைவி.

லாரி வந்துகொண்டிருந்தது. அவள் அந்த வாளியை எடுக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. எனக்கு அந்த நிறம் இரும்பாக மட்டுமே தெரிந்தது.

அக்கா கட்டிய மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்துக்கொண்டே, "செவுத்துக்கும் சேத்து ஆடி வெள்ளி கொண்டாடிகீற, பரவால்ல" என்றாள். மனைவி சிரிக்கவில்லை. கிரைண்டர் கல்லை ஒரு பக்கம் பிடித்து, பழைய இடத்துக்கே நகர்த்தினாள். லாரிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஆவணிக்குள் கீறலை அடைத்தோம். வாசல் தரையைச் சுவரிலிருந்து விலகிச் சரியும்படி பூசி, கடைசிப் படியோரம் ஒரு சின்னக் குழி வைத்தோம். அதில் சேர்கிற தண்ணீரை மொண்டு மேலே சாக்கடையில் ஊற்றிவிடலாம். அக்காவின் அறையில் அடைத்துக் கிடந்த ஜன்னலைத் திறந்தோம். ரோடு உயர்ந்தபோது புழுதிக்காகப் பலகை அடித்து மூடியது அது. இருமல் குறைந்தது. வாசல் சுவர் காய்ந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் பின்சுவர் இன்றும் கடற்காற்று கனமாக வீசுகிற நாட்களில் வேர்க்கிறது. அங்கே வாசலும் இல்லை, காவியும் இல்லை. கடற்கரை மணலின் உப்பாக இருக்கலாம். கிரைண்டராகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தேன். மேலேயும் ஈரம், அடியிலும் ஈரம்.

வேறொன்றும் நடந்தது. காவியைக் கண்டுபிடித்த பிறகு மனைவி வாளியை எடுக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைச் சத்தமில்லாமல் தெளித்துவிட்டுக் கோலம் போட்டாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, விடிந்து வெகுநேரம் ஆகியும் கீழே கிரைண்டர் ஓடவில்லை. மாவு வாங்க வந்தவர்கள் படியில் நின்று கூப்பிட்டார்கள். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் ஓடினேன். கதவைத் திறந்தவள் கொட்டாவி விட்டாள்.

என் தலைக்கு மேல், படியில் நின்ற மனைவியைப் பார்த்து, "இன்னாமே, தண்ணி சத்தத்தையே காணோம்? அத்த கேட்டுத்தான் நான் எழுந்துகினு கீறேன் இத்தினி வருசமா" என்றாள்.

"ஊத்தினா உங்க செவுத்துக்கு ஆவாதே, அண்ணி."

"ஊத்தாத. வெறும் வாளிய தட்டிட்டுப் போ."

இப்போது தினமும் விடியற்காலையில் எங்கள் வாசலில் ஒரு காலி வாளி டங்கென்று தட்டப்படுகிறது. கொஞ்ச நேரத்தில் கீழே கிரைண்டர் ஓடத் தொடங்குகிறது.